நாகதாளி எப்போது மூச்சுவிடும்?

உகந்தை முருகனைக் கும்பிட்டுவிட்டுக் காட்டுக்குள் இறங்கிய முதல் நாள் காலை. கதிர்காமக் கொடியேற்றத்துக்கு நடந்து போகிறவர்களுக்காகப் பாதை திறந்துவிடும் அந்தக் கொஞ்ச நாட்கள், அம்பாறைக் கரையோரத்தில் மண் நன்றாகக் காய்ந்து கிடக்கும் காலம். கச்சான் காற்று மேற்கிலிருந்து அனலாக அடிக்கும். புல்லெல்லாம் வைக்கோல் நிறம். சின்னக் குளங்களின் அடிச்சேறு வெடித்து ஓடு ஓடாகக் கிளம்பி நிற்கும்.

கடல் பக்கம் ஒரு மணல்மேடு. அதன் சரிவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு நாகதாளிப் பற்றை, உடம்பெல்லாம் முள், தலையெல்லாம் மஞ்சள் பூ. கூட வந்த அக்காவின் மகன் நின்றுவிட்டான்.

"மாமா, எல்லாம் காஞ்சு கிடக்குது. இதுக்கு மட்டும் எங்க இருந்து தண்ணி வருது?"

நல்ல கேள்வி. அன்று நடந்துகொண்டே சொன்னதையும், பிறகு வீட்டில் உட்கார்ந்து சொன்னதையும் சேர்த்து, தாவரவியல் படிக்காதவர்களுக்கும் புரியும்படி இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தப் பூவைக் கிட்ட வைத்துப் பார்க்கச் சொன்னேன். நாகதாளிப் பூவின் நடுவில் நூறு நூறாகக் கேசரங்கள், அதாவது மகரந்தம் தாங்கும் மெல்லிய நூல்கள், நிற்கும். விரல் நுனியால் மெதுவாகத் தொட்டால், தொட்ட பக்கத்துக் கேசரங்கள் எல்லாம் உள்நோக்கி வளையும். காற்றில் அசைவதுபோல அல்ல. தூக்கத்தில் இருக்கும் பிள்ளை விரலைப் பிடிப்பதுபோல, மெல்ல, ஆனால் நிச்சயமாக. தேனீ உள்ளே இறங்கினால் அதன் உடம்பில் மகரந்தம் நன்றாகப் பூசப்படுவதற்கான ஏற்பாடு இது. அவன் மூன்று பூக்களைத் தொட்டுப் பார்த்தான். பின்னால் வந்த பெத்தா, "கவனம் மனே, சுணை ஏறினா இண்டைக்கு முழுக்கச் சொறிவாய்" என்று சொல்லிக்கொண்டே கடந்து போனார். அவர் சொன்ன சுணைக்குப் பிறகு வருகிறேன்.

கள்ளி என்று நாம் சொல்வது ஒரே செடியை அல்ல. இதைத் தெரிந்துகொள்ளாமல் மேலே போனால் குழப்பம்தான் வரும். சதுரக்கள்ளியை உடைத்தால் வெள்ளைப் பால் வரும். அது ஆமணக்கின் சொந்தக்காரன். இந்தப் பக்கத்து மண்ணில் காலம் காலமாக வாழ்வது. சங்கப் பாடல்களில் பாலை நிலத்து வழியில் நிற்கும் கள்ளி இதுதான். மட்டக்களப்பில் கள்ளியங்காடு என்று ஊர்ப் பெயரே இருக்கிறது. நாகதாளியை உடைத்தால் பால் வராது. பசையான நீர்தான் வரும். அது வேறு குடும்பம். உலகம் முழுவதும் கக்டஸ் என்று சொல்லும் உண்மையான கள்ளிக் குடும்பம் அதுதான். அதன் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டங்கள். கொலம்பஸுக்குப் பின்தான் கப்பலேறி நம் பக்கம் வந்தது. ஆகவே சங்கப் புலவர் எவரும் நாகதாளியைப் பார்த்திருக்க முடியாது.

உடைக்காமலே அடையாளம் காண ஒரு வழி உண்டு. நாகதாளியின் மட்டையில் முட்கள் கிளம்பும் இடத்தைப் பாருங்கள். சின்னப் பஞ்சுப் பொட்டுப்போல ஒரு புள்ளி இருக்கும். முள், பூ, புதுமட்டை எல்லாம் அந்தப் பொட்டிலிருந்துதான் வரும். இந்தப் பொட்டு இருந்தால் அது உண்மையான கக்டஸ். சதுரக்கள்ளிக்கு இது கிடையாது.

இரண்டு குடும்பங்களும் பெருங்கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தனித்தனியாக வாழ்ந்தும் ஏறக்குறைய ஒரே உருவத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. இலை போய்விட்டது, தண்டு தடித்துப் பச்சையானது, மேலே முள் வந்தது. ஒரே மாதிரி வறட்சி, ஒரே மாதிரி தீர்வு. எனக்கு இந்தச் செடிகள்மேல் ஆசை வந்ததே இதைக் கேள்விப்பட்ட பிறகுதான்.

இடையில் ஒன்று. ஏறக்குறைய 1,500க்கு மேற்பட்ட கக்டஸ் இனங்களில், அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே மனிதர் கொண்டுபோகாமல் தானாகவே வளர்வது ஒன்றே ஒன்று. அது ஆபிரிக்காவிலும் மடகஸ்காரிலும் இலங்கையிலும் இருக்கிறது. ஆனால் அது மணல்மேட்டில் நிற்பதல்ல. ஈரக் காட்டு மரக்கிளைகளில் பச்சைக் கயிறுபோலத் தொங்கும். முத்துப்போல வெள்ளைப் பழம் பழுக்கும். முள்கூடக் காட்டாத அதைக் கக்டஸ் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள்.

சரி, தண்ணீருக்கு வருவோம்.

எந்தச் செடிக்கும் சாப்பாடு தயாரிக்க மூன்று பொருள் வேண்டும்: வெளிச்சம், தண்ணீர், காற்றில் இருக்கும் காபனீரொட்சைட்டு. வெளிச்சம் தானாக வந்து விழும். தண்ணீரை வேர் கொண்டுவரும். காபனீரொட்சைட்டை மட்டும் வாய் திறந்துதான் வாங்க வேண்டும். இலையிலும் பச்சைத் தண்டிலும் கண்ணுக்குத் தெரியாத மிகச் சிறிய துளைகள் இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் இலைவாய் என்று படித்திருப்போம். அந்த வாய் திறந்ததும் காபனீரொட்சைட்டு உள்ளே போகும். அதே வாய் வழியாக உள்ளே இருக்கும் ஈரம் ஆவியாக வெளியே ஓடும். சிக்கல் இங்கேதான். சாப்பிட வாய் திறந்தால் தாகம். தாகத்துக்குப் பயந்து மூடினால் பட்டினி.

நெல்லும் மாவும் வேம்பும் பகலில் வாய் திறக்கும். வெளிச்சம் பகலில் இருப்பதால் அதுதான் வசதி. ஆனால் செலவு பெரிது. நெல்லைப் போன்ற செடி ஒரு கிராம் காபனீரொட்சைட்டை உள்ளே எடுக்க 400 முதல் 500 கிராம்வரை தண்ணீரைக் காற்றில் விடுகிறது. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் வரைக்கும் அது கட்டுப்படியாகும்.

நாகதாளி இந்த நேரக்கணக்கைத் தலைகீழாக மாற்றிவிட்டது. பகல் முழுக்க வாயை மூடிக்கொண்டு இருக்கும். பொழுது பட்டு, காற்று குளிர்ந்து, ஈரப்பதம் ஏறியதும் திறக்கும். இரவெல்லாம் காபனீரொட்சைட்டை வாங்கும். ஆனால் இரவில் வெளிச்சம் இல்லையே, சமைப்பது எப்படி?

இங்கே கடற்கரைக்காரருக்கு நன்றாகப் புரியும் ஒரு உதாரணம் இருக்கிறது. இரவில் கடலுக்குப் போகிறவர் பிடித்த மீனை அங்கேயே சமைப்பதில்லை. ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு விடியற்காலையில் கரைக்கு வருகிறார். சமையல் பகலில், வீட்டில் நடக்கும். நாகதாளியும் இரவில் பிடித்த காபனீரொட்சைட்டை ஒரு புளிப்பான அமிலமாக மாற்றி, கலங்களுக்குள் இருக்கும் பை போன்ற இடங்களில் நிரப்பி வைக்கும். பச்சை அப்பிளுக்குப் புளிப்புக் கொடுக்கும் அதே மலிக் அமிலம்தான் அது. விடிந்ததும் வாயை மூடிவிட்டு, அந்த அமிலத்தை உடைத்து, உள்ளேயே காபனீரொட்சைட்டை விடுவித்து, வெயிலை வைத்து வெல்லமாக்கும். ஒளித்தொகுப்பு எல்லாச் செடிக்கும்போல இதற்கும் பகலில்தான் நடக்கிறது. பொருள் வாங்கும் நேரம் மட்டும் இரவு.

இந்த முறையில் ஒரு கிராம் காபனீரொட்சைட்டுக்குப் போகும் தண்ணீர் 50 முதல் 100 கிராம்தான். நெல்லின் செலவில் ஐந்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம்.

இதை முதலில் நாக்கால் கண்டுபிடித்தார்கள் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி. பெஞ்சமின் ஹேய்ன் என்ற தாவரவியலாளர், கிழக்கிந்தியக் கம்பனிக்காகச் சென்னை மாகாணத்தில் வேலை பார்த்தவர். அவர் ரணகள்ளி இலையை ஒரே நாளில் வெவ்வேறு நேரங்களில் மென்று பார்த்தார். காலையில் நல்ல புளிப்பு. மதியம் சுவையே இல்லை. மாலையில் லேசான கசப்பு. 1813இல் இலண்டனுக்கு இதைக் கடிதமாக எழுதினார். 1815இல் அது அச்சில் வந்தது. இரவெல்லாம் சேர்த்த அமிலத்தைப் பகல் செலவழித்துவிடுகிறது என்ற விளக்கம் பின்னால் வந்தது. ரணகள்ளியின் குடும்பமான கிராசுலேசியேயின் பெயரை வைத்தே இந்த முறைக்குக் 'கிராசுலேசியன் அமில அனுசேபம்' என்று பெயர். பெயர் பயமுறுத்தினாலும் விஷயம் அந்தப் புளிப்புதான். புத்தகத்துக்குள் வைத்தால் விளிம்பில் குட்டி போடும் என்று பள்ளிக்கூடத்தில் நாம் ஒளித்து வைத்த இலையும் ரணகள்ளிதான். அதில் நச்சுப் பொருளும் உண்டு; பிள்ளைகளிடம் மென்று பார்க்கச் சொல்லாதீர்கள்.

கற்றாழை, அன்னாசி, ட்ராகன் பழக் கொடி எல்லாம் இதே இரவு வேலைக்காரர்கள். ட்ராகன் பழம் கக்டஸ் குடும்பமேதான். அதன் பெரிய வெள்ளைப் பூ இரவில் விரிந்து காலை வெயிலில் வாடிவிடும். தோட்டத்தில் அதை வளர்க்கிறவர்கள் சிலர் டோர்ச் வெளிச்சத்தில் தூரிகையால் மகரந்தம் தடவுவது இதனால்தான்.

அடுத்து, கடை வாசலில் கண்ணூறுக்குத் தலைகீழாகக் கட்டித் தொங்கவிட்ட கற்றாழையைப் பார்த்திருப்பீர்கள். மண் இல்லை, தண்ணீர் இல்லை, ஆனாலும் மாதக்கணக்கில் பச்சையாக இருக்கும். சாமி சக்தி என்பார்கள், நான் அதற்குக் குறுக்கே பேசமாட்டேன். செடிப் பக்கத்திலிருந்து பார்த்தால் நடப்பது இது: தண்ணீர் அறவே கிடைக்காதபோது இந்த வகைச் செடி இரவிலும் வாயைத் திறக்காது. உள்ளே தன் சுவாசத்தில் வரும் காபனீரொட்சைட்டையே பிடித்துத் திரும்பப் பயன்படுத்தும். வளராது, ஆனால் சாகாது. எஞ்சினை அணைக்காமல் ஓரத்தில் நிறுத்தி வைத்த லொறிமாதிரி காத்திருக்கும். மழை பட்டால் புறப்படும்.

நாகதாளியின் மற்ற ஏற்பாடுகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். நாம் இலை என்று நினைக்கும் தட்டையான மட்டை உண்மையில் தண்டு. நாகபாம்பின் படம்போல இருப்பதால்தான் நாகதாளி என்று பெயர். இலை, இளம் மட்டையில் சின்னக் கொம்புபோலக் கொஞ்ச நாள் இருந்துவிட்டு விழும். மேலே மெழுகுப் பூச்சு. முள் மாட்டுக்கும் ஆட்டுக்கும் தடை, கூடவே கொஞ்சம் நிழல். வேர் ஆழமாகப் போகாது. மேல்மண்ணில் அகலமாகப் பரவும். ஒரு தூறல் விழுந்தாலும் ஓரிரு நாளில் புது வேர் நூல்நூலாக விட்டுக் குடிக்கும், காய்ந்ததும் உதிர்த்துவிடும்.

பக்கத்திலேயே வீரையும் பாலை மரமும் பச்சையாக நிற்கின்றனவே என்று அக்காவின் மகன் கேட்டான். அவை வேறு வழிக்காரர்கள். ஆழ வேர் விட்டு, தோல்போலத் தடித்த இலையோடு நிற்பவை. பாலைப்பழம் பழுப்பதும் இந்த வறட்சியில்தான். காட்டுப் பாதைக்காரர் வாயெல்லாம் ஒட்டப் பொறுக்கித் தின்பார்கள். கரடிக்கும் அதில் பங்கு உண்டு. ஆழத்தில் தேடுவது ஒரு வழி, உடம்பில் சேர்த்து வைப்பது இன்னொரு வழி.

உண்மையான பாலைவனத்தில் இது எப்படி இருக்கும்? அமெரிக்காவின் அரிசோனாவிலும் மெக்சிக்கோவிலும் பரந்து கிடக்கும் சொனோரா பாலைவனத்தைப் பார்ப்போம். அங்கே மே, ஜூன் மாதங்கள்தான் மிக வறண்டவை. நிழலிலேயே 40 பாகை செல்சியஸுக்கு மேல் போகும். அந்த நேரம் பார்த்துத்தான் சவாரோ என்ற மாபெரும் கள்ளி பூக்கும். பன்னிரண்டு மீற்றருக்கு மேல் வளரக்கூடியது. 150 வருடத்துக்கு மேல் வாழக்கூடியது. ஆனால் அவசரமே இல்லாதது. பத்து வயதில் அதன் உயரம் நம் கட்டைவிரல் அளவு. முதல் பூ ஏறக்குறைய 35 வயதில். பக்கக் கை முளைக்க ஐம்பது, எழுபது வருடம் ஆகலாம். குட்டிச் செடி தனியாக வெயிலைத் தாங்காது. ஏதாவதொரு மரத்தின் நிழலில்தான் வளர்ந்து மேலே வரும். தண்டில் மேலிருந்து கீழாக மடிப்பு மடிப்பாக இருக்கும். மழை பெய்து தண்ணீர் குடிக்கக் குடிக்க அந்த மடிப்பு விரியும், வறட்சியில் சுருங்கும். ஆர்மோனியத் துருத்தி விரிந்து சுருங்குவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

சவாரோப் பூ வெள்ளையாக, மெழுகில் செய்ததுபோல, தண்டின் உச்சியில் கொத்தாக வரும். பொழுது பட்ட பின் விரிந்து அடுத்த நாள் பின்னேரத்துக்குள் மூடிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்கூட இல்லை. இரவில் மெக்சிக்கோவிலிருந்து பூக்களின் வழியைப் பிடித்துக்கொண்டு வரும் நீள்மூக்கு வௌவால் தேன் குடிக்கும். முகமெல்லாம் மஞ்சள் மகரந்தத்தோடு அடுத்த மரத்துக்குப் போகும். விடிந்ததும் மிச்சத் தேனுக்குத் தேனீயும் வெள்ளைச் சிறகுப் புறாவும் வரும். அந்த வௌவாலை 1988இல் அழியும் ஆபத்தில் இருப்பதாக அமெரிக்கா பட்டியலிட்டது. இனம் மீண்டு பெருகியதால் 2018இல் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள்.

மரங்கொத்தி சவாரோவின் உடம்பில் பொந்து குடையும். செடி காயத்தைச் சுற்றிக் கடினமான ஓடு ஒன்றைக் கட்டிக்கொள்ளும், ஈரம் கசியாது. மரங்கொத்தி விட்டுப் போன பொந்தில் உலகின் மிகச் சிறிய ஆந்தை குடியேறும். அதன் எடை நாற்பது கிராம் அளவு, உள்ளங்கையில் அடங்கும். வெளியே நெருப்பாக எரியும்போது உள்ளே வெப்பம் குறைவு. முள்ளும் காவல்.

ஜூன் கடைசியில் பழம் பழுக்கும். ஒரு பழத்தில் 2,000 விதைவரை இருக்கும். வேறு பழமும் தண்ணீரும் அரிதான நேரம் என்பதால் ஆமை, புறா, நரி, எறும்பு எல்லாம் அங்கேதான் கூடும். அந்த மண்ணின் பழங்குடியான தொஹோனோ ஓதாம் மக்கள், காய்ந்த சவாரோவின் விலா எலும்புபோன்ற கம்புகளை இணைத்து நீளக் கொக்கத்தடி செய்து பழம் பறிப்பார்கள். அவர்களுக்கு வருடப்பிறப்பே அந்த அறுவடைதான். ஜூலையில் அங்கே மழைக்காலம் தொடங்கும். பழத்தைத் தின்ற பறவை எச்சத்தில் போட்ட விதை நனைந்த மண்ணில் கிடக்கும். வறட்சியில் பூத்தால்தான் மழைக்கு விதை தயார்.

எங்கள் கரை பாலைவனம் அல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். வருடத்துக்கு 250 மில்லிமீற்றருக்குக் குறைவாக மழை பெய்யும் இடத்தைத்தான் பொதுவாகப் பாலைவனம் என்பார்கள். மட்டக்களப்புக்கு 1,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. ஆனால் அதில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் கொட்டித் தீர்ந்துவிடும். மிச்ச மாதங்கள் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். பாலை தனி நிலம் அல்ல, காடும் மலையும் கோடையில் திரிந்து எடுக்கும் கோலம் என்று நம் முன்னோர் வகுத்தார்களே, அது கிழக்குக் கரைக்கு அச்சாகப் பொருந்தும். தைமாதம் மாடு இறங்கிப் புதைந்த அதே இடத்தில் ஆனியில் செருப்பில்லாமல் நடக்க முடியாது.

அந்தப் பாலைக்காலத்தில் நாகதாளிப் பற்றை ஒரு சின்ன ஊர். முள்ளுக்குள் ஓணான் படுத்திருக்கும். நட்சத்திர ஆமை கீழே விழுந்த பழத்தை விரும்பித் தின்னும். குரங்கு பழத்தைத் தின்று விதையை வேறெங்கோ போடும். இந்த விருந்தோம்பலில் ஒரு கெடுதியும் இருக்கிறது. ஒடிந்து விழும் ஒரு மட்டை போதும், வேர்விட்டு இன்னொரு பற்றையாகிவிடும். அம்பாந்தோட்டைப் பக்கம் புந்தலக் காட்டில் அது உள்ளூர்ச் செடிகளை நெருக்கிப் பரவிவிட்டது. பூ அழகுதான், ஆனால் வேலிக்கென்று புது இடத்தில் ஊன்ற வேண்டாம்.

சில மட்டைகளில் பஞ்சு ஒட்டியதுபோல வெள்ளையாக இருக்கும். அதை நகத்தால் நசுக்கினால் இரத்தச் சிவப்பு. அது கொச்சினீல் என்ற பூச்சி. அதன் உறவுப் பூச்சியிலிருந்து உலகமே சாயம் எடுத்தது. நல்ல சாயப் பூச்சி என்று நம்பி 1795இல் ஒன்றை இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்தது வேறு இனம். சாயம் மட்டம், ஆனால் நாகதாளியைத் தின்று தீர்த்தது. 1860களில் அதையே இலங்கைக்கும் கொண்டுவந்து நாகதாளியை அடக்கப் பயன்படுத்தினார்கள். அந்தப் பூச்சியின் அறிவியல் பெயரிலேயே சிலோன் இருக்கிறது.

இனிப் பெத்தா சொன்ன சுணை. பெரிய முள் கண்ணுக்குத் தெரியும், அதற்குப் பயப்படத் தேவையில்லை. பஞ்சுப் பொட்டுக்குள் மயிர்போலக் குட்டி முட்கள் கொத்தாக இருக்கும். ஒவ்வொன்றிலும் தூண்டில்போலக் கொக்கி. பழத்திலும் அதுதான். பழம் வேண்டுமானால் கையால் பறிக்காமல் குச்சியால் தட்டி விழுத்தி, மணலில் நன்றாகப் புரட்டித் தேய்த்து, தோலைச் சீவிவிட்டுத் தின்ன வேண்டும். வாய் கருஞ்சிவப்பாகும், மறுநாள் சிறுநீர் சிவந்தால் பயப்பட வேண்டாம், சாயம்தான். சதுரக்கள்ளிப் பால் அப்படி விளையாட்டல்ல. கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. உடனே நிறையத் தண்ணீரால் கழுவி ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். காட்டில் தண்ணீர் முடிந்தால் கள்ளியை வெட்டிக் குடிக்கலாம் என்று கேள்விப்பட்டிருந்தால் மறந்துவிடுங்கள். அந்த அமிலப் பசை பெரும்பாலும் வயிற்றைக் குழப்பி, இருக்கும் தண்ணீரையும் வெளியே தள்ளிவிடும்.

நடப்பவர்களின் நேரமும் கள்ளியின் நேரம்தான் என்று அந்தப் பயணத்தில்தான் கவனித்தேன். விடியுமுன் நாலு மணிக்கு "அரோகரா" என்று எழுந்து நடப்பது, வெயில் ஏறியதும் மர நிழலில் ஒடுங்குவது, வெயில் தாழ்ந்த பின் மறுபடியும் நடப்பது. பெத்தா இதை யாரிடமும் படிக்கவில்லை. நாற்பது வருடமாக இப்படித்தான் கதிர்காமம் போகிறார்.

அடுத்த தங்கல் குமுக்கன் ஆற்றங்கரை. ஆற்றுமணலில் கையால் ஊற்றுத் தோண்டி, கலங்கல் தெளியும்வரை காத்திருந்து தண்ணீர் அள்ளினோம். இருட்டத் தொடங்கியதும் காற்று குளிர்ந்தது. அவன் அடுப்பு மூட்டச் சுள்ளி பொறுக்கிக்கொண்டு இருந்தவன், ஏதோ நினைவு வந்தவன்போல வந்த பக்கம் திரும்பிக் காட்டைப் பார்த்தான்.

"மாமா, இப்ப அது வாயைத் திறந்திருக்குமா?"

"இப்பதான் திறக்கத் தொடங்கும்" என்றேன்.